சுங்கம் நொடியில் போகிறது. வாடகை எப்போது வரும்?

புது தில்லி: தலைநகரின் வடக்கே, கர்னால் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் பகல் வேளை என்பது காத்திருக்கும் வேளை. கனரக சரக்கு வாகனங்கள் பகலில் தில்லி மாநகருக்குள் நுழையத் தடை உண்டு. ஆகவே பஞ்சாப், ராஜஸ்தான், மகாராஷ்டிரம், தமிழ்நாடு எனப் பல மாநிலங்களின் எண் பலகைகளைத் தாங்கிய லாரிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வண்டியின் அடியில் துணி விரித்து உறங்குவோர், சக்கரத்தைக் கழற்றிப் பழுது பார்ப்போர், புக்கிங் அலுவலக வாசலில் அடுத்த லோடுக்காக நிற்போர் என அந்த நகருக்கே உரிய வாழ்க்கை அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே இடத்திலிருந்து கிளம்பிய ஓட்டுநரின் இடுப்புப் பையில் கட்டுக்கட்டாக ரூபாய் நோட்டுகள் இருந்தன. டீசல், சுங்கம், சோதனைச்சாவடி, மாமூல், சாப்பாடு, பஞ்சர் என எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான். இன்று அதே ஓட்டுநரின் முன் கண்ணாடியில் ஃபாஸ்டாக் வில்லை ஒட்டப்பட்டிருக்கிறது. டீசலுக்கு அட்டை இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் கருவி உள்ளே பொருத்தப்பட்டிருக்கிறது. இவை அனைத்தையும் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருக்கும் உரிமையாளர் தம் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த மாற்றத்தைத் தொழிலாக்கிக்கொண்டு ஒரு புதிய வகை நிறுவனங்கள் வளர்ந்துள்ளன. இவற்றிடம் பெரும்பாலும் சொந்த லாரிகள் இல்லை. லாரிக்காரர் செலவிடும் பணம் இவற்றின் வழியாகப் போகிறது. அவரது வண்டி ஓடும் தடம் இவற்றின் கணினிகளில் பதிகிறது. நாட்டின் சரக்கில் சுமார் எழுபது விழுக்காடு சாலை வழியே செல்லும் நிலையில், அந்தச் சாலையின் பணப்பெட்டி யார் கைக்கு மாறுகிறது என்பது வணிகப் பக்கத்தோடு முடிந்துவிடும் செய்தியாகாது.

பெங்களூரில் பிறந்த பெருநிறுவனம்

இவ்வகை நிறுவனங்களில் முதன்மையானது 'பிளாக்பக்'. ஜிங்கா லாஜிஸ்டிக்ஸ் சொல்யூஷன்ஸ் என்ற பெயரில் 2015-ஆம் ஆண்டு பெங்களூரில் பதிவு செய்யப்பட்டது. ராஜேஷ் யாபாஜி, சாணக்ய ஹிருதயா, ராமசுப்பிரமணியம் ஆகியோர் இதை நிறுவினர். பெரிய ஆலைகளிடம் சரக்கை ஒப்பந்தம் பேசி, அதற்கு லாரிகளை ஏற்பாடு செய்து தருவதே தொடக்கத்தில் இதன் வேலையாக இருந்தது. சுருங்கச் சொன்னால், கணினி வைத்திருந்த புக்கிங் அலுவலகம்.

ஆனால் அந்தத் தொழிலில் ஆலை முதலாளிகள் மாதக்கணக்கில் பாக்கி வைப்பதும், லாரிக்காரருக்கு உடனே பணம் கொடுக்க வேண்டியிருப்பதும் முதலீட்டை விழுங்கின. படிப்படியாக அந்தப் பிரிவைக் கைவிட்ட நிறுவனம், லாரி உரிமையாளர் பக்கம் திரும்பியது. சுங்கக் கட்டணம் செலுத்துதல், டீசல் அட்டை, வண்டியின் இருப்பிடம் காட்டும் கருவி, லோடு தேடித்தரும் இணையச் சந்தை, பழைய லாரி வாங்கக் கடன் ஆகியவையே இன்று அதன் தொழில். ஃபாஸ்டாக் வழங்கும் வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் தரும் கழிவு, உரிமையாளர்களிடம் பெறும் சேவைக் கட்டணம், கருவிக்கான சந்தா ஆகியவை அதன் வருவாய்.

2021-ஆம் ஆண்டு ஜூலையில் அதன் மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியதாகக் கணக்கிடப்பட்டது. ஆக்செல், ஃபிளிப்கார்ட், டைகர் குளோபல் போன்றவை அதில் பணம் போட்டிருந்தன. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் பங்கு ஒன்றுக்கு 273 ரூபாய் என்ற உச்ச விலையில் சுமார் 1,115 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியீடு நடந்தது. அதற்காகத் தாக்கல் செய்யப்பட்ட ஆவணத்தில் கண்ட விவரம்தான் கவனத்துக்குரியது. 2023-24 நிதியாண்டில் 9.63 லட்சம் லாரி உரிமையாளர்கள் அதன் வழியாகப் பணப் பரிமாற்றம் செய்துள்ளனர். நாட்டிலுள்ள லாரி உரிமையாளர்களில் இது நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம். அவ்வாறு கைமாறிய தொகை 17,000 கோடி ரூபாயைத் தாண்டியது. நிறுவனத்துக்குக் கிடைத்த வருவாயோ 297 கோடி ரூபாய். அந்த ஆண்டில் அது நட்டத்திலேயே இருந்தது.

இதே களத்தில் வீல்ஸ்ஐ, வாஹக் போன்ற நிறுவனங்களும் உள்ளன. எல்லாருக்கும் வெற்றி வாய்த்துவிடவில்லை. ஓட்டுநர்களை அஞ்சல் ஓட்டம்போல் இடையிடையே மாற்றி, ஒவ்வொருவரும் அன்றிரவே வீடு திரும்ப வழி செய்வோம் என்று முழங்கிய ரிவிகோ, சொந்த லாரிகள் வாங்கிய சுமையில் தடுமாறியது. 2022-ஆம் ஆண்டு அதன் விரைவுச் சரக்குத் தொழிலை மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் 225 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. ஓட்டுநரின் வாழ்க்கையை மாற்ற முயன்ற திட்டம் சோர்ந்துபோக, ஓட்டுநரின் செலவைக் கணக்கிடும் திட்டம் பங்குச் சந்தை ஏறியது. இதிலேயே இத்தொழிலின் போக்கு விளங்கும்.

அரசு போட்ட பாதை

இந்த நிறுவனங்களின் வளர்ச்சிக்கு அவற்றின் திறமை மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. பாதையைப் போட்டுக் கொடுத்தது அரசு.

2000-களின் தொடக்கத்திலேயே பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் லாரி உரிமையாளர்களுக்கு டீசல் அட்டைகளை அளிக்கத் தொடங்கின. பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃபிளீட், இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் டிரைவ்டிராக் ஆகியவை அத்தகையவை. ஆனால் அவற்றைப் பெரிதும் பயன்படுத்தியவை பெரிய கம்பெனிகளே. ஒற்றை லாரிக்காரருக்கு ரொக்கமே துணை.

2016-ஆம் ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, வழியில் இருந்த லாரிகள் வழியிலேயே நின்றன. டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் கையில் இருந்த நோட்டுகள் காகிதமாயின. நெடுஞ்சாலைகளில் சுங்க வசூலையே டிசம்பர் 2 வரை நிறுத்திவைக்க வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது. அடுத்து, 2017 ஜூலை 1 முதல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்து மாநில எல்லைச் சோதனைச்சாவடிகள் அகன்றன. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்ல மின்வழிச் சீட்டு கட்டாயமாயிற்று.

இறுதியாக 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டாக் கட்டாயமாக்கப்பட்டது. வில்லை இல்லாத வண்டிக்கு இருமடங்குக் கட்டணம் என்ற விதி வந்ததும், வில்லை வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. 2025 நவம்பர் 15 முதல் இவ்விதி சற்றே தளர்த்தப்பட்டு, வில்லை இல்லாதவர் யு.பி.ஐ. வழியே செலுத்தினால் ஒன்றேகால் மடங்கும், ரொக்கமாகச் செலுத்தினால் இருமடங்கும் என ஆயிற்று.

ஃபாஸ்டாக் இயங்கும் முறை எளியது. வில்லையில் ஒரு ரேடியோ அலைச் சில்லு உள்ளது. சாவடியின் கருவி அதைப் படித்ததும், வில்லையை வழங்கிய வங்கியில் உரிமையாளர் முன்கூட்டியே போட்டு வைத்துள்ள தொகையிலிருந்து சுங்கம் கழிக்கப்படும். வங்கிகளுக்கு இடையேயான கணக்கைத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் தீர்த்துவைக்கிறது. வில்லையை விற்பது, அதில் பணம் நிரப்ப வழி செய்வது, ஐந்து வண்டிகளின் கணக்கை ஒரே திரையில் காட்டுவது, தவறாகப் பிடித்த தொகைக்கு முறையிடுவது ஆகியவற்றில்தான் பிளாக்பக் போன்ற நிறுவனங்கள் நுழைந்தன. சட்டம் கட்டாயப்படுத்தியது, நிறுவனம் கடையைத் திறந்தது.

லாரிக்காரருக்கு நன்மை இல்லையா என்றால், உண்டு. வரிசையில் நிற்கும் நேரம் குறைந்தது. ஓட்டுநர் காட்டும் சுங்க ரசீது மெய்யா பொய்யா என்ற சச்சரவு ஒழிந்தது. டீசல் திருட்டுக் குறைந்தது. வழிப்பறிக்கு அஞ்சி ஓட்டுநர் நோட்டுக் கட்டுகளைச் சுமக்க வேண்டியதில்லை. ஐந்துக்கும் குறைவான வண்டிகளை வைத்திருப்போரே பெரும்பான்மையாக உள்ள ஒரு தொழிலில், பெரிய கம்பெனிக்கு மட்டும் இருந்த கணக்கு வசதி ஒற்றை வண்டிக்காரருக்கும் கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஒருவழிப் பாதை

ஆனால் இந்த வசதி அனைத்தும் ஒரே திசையில் ஓடுகிறது என்பதே இங்கு எழும் கேள்வி. லாரிக்காரர் கையிலிருந்து வெளியே போகும் பணம் நொடியில் போகிறது. அவர் கைக்கு வரவேண்டிய பணம் பழைய வழியில், பழைய வேகத்திலேயே வருகிறது.

வாடகை பேசப்படும் விதம் இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. சரக்கு அனுப்பும் ஆலை ஒரு பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனியிடம் ஒப்பந்தம் செய்கிறது. அந்தக் கம்பெனி தரகரிடம் சொல்கிறது. தரகர் ஒற்றை வண்டிக்காரரைப் பிடிக்கிறார். பேசிய வாடகையில் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைக்கும். அது டீசலுக்கும் சுங்கத்துக்கும் போய்விடும். மீதி, சரக்கை இறக்கி, இறக்கியதற்குக் கையொப்பமிட்ட சீட்டு திரும்பி வந்து சேர்ந்த பிறகே. அதற்குள் சரக்குச் சேதம், தாமதம், எடைக் குறைவு எனப் பிடித்தங்கள் விழும். ஆலைக்கும் லாரிக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு படியும் தன் பங்கை எடுத்துக்கொண்டு, தன் நாட்களையும் எடுத்துக்கொள்கிறது. லாரியின் சொந்தக்காரருக்கு வாரக்கணக்கில் காத்திருப்பே மிச்சம்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், சிறு தொழில்முனைவோருக்குச் சேரவேண்டிய தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது. அவ்வாறு உரிய காலத்தில் தராத தொகையை வாங்குபவர் அந்த ஆண்டில் வரிக்கான செலவாகக் காட்ட இயலாது என்று வருமான வரிச் சட்டத்திலும் 2023-ஆம் ஆண்டு திருத்தம் செய்யப்பட்டது. ஆனால் இந்தப் பாதுகாப்பு பதிவு பெற்ற தொழிலுக்கும், எழுத்தில் உள்ள கணக்குக்குமே பயன்படும். வாய்ச்சொல்லில் வாடகை பேசி, தரகரின் துண்டுச் சீட்டோடு கிளம்பும் வண்டிக்கு எந்த மன்றத்தில் எதைக் காட்டி முறையிடுவது?

முன்பணத்தின் கதையும் கவனிக்கத்தக்கது. ஃபாஸ்டாக் போன்ற முன்செலுத்து கணக்குகளில் உள்ள தொகைக்கு வட்டி கிடையாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒரு லாரிக்கு இது சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் லட்சக்கணக்கான லாரிகளின் தொகை வட்டியின்றி வங்கிகளில் கிடக்கிறது. மறுபுறம், வரவேண்டிய வாடகை வராததால் டீசலுக்கும் டயருக்கும் வட்டிக்குக் கடன் வாங்குபவரும் அதே லாரிக்காரரே. தம் பணத்துக்கு வட்டி பெறாமலும், தமக்கு வரவேண்டிய பணத்துக்கு வட்டி கட்டியும் வாழ்கிறார் அவர்.

இந்தப் புள்ளியில்தான் இந்நிறுவனங்களின் அடுத்த தொழிலும் தொடங்குகிறது. வண்டி மாதம் எத்தனை நாள் ஓடியது, எந்தச் சாவடியைக் கடந்தது, எத்தனை லிட்டர் டீசல் போட்டது என்பதெல்லாம் தெரிந்தவருக்கு, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதும் தெரியும். ஒற்றை லாரிக்காரர் நம்பத்தக்க கடன்காரர் என்பதை இந்தியாவுக்கு முதலில் காட்டியது சென்னையில் 1979-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். அந்நாளில் அதன் ஊழியர் லாரிப்பேட்டைக்கு நேரில் வந்து, ஆளையும் வண்டியையும் பார்த்துக் கடன் தந்தார். இன்று அந்த நேர்முகத்தின் இடத்தில் கணினிப் பதிவு உட்கார்ந்திருக்கிறது. பதிவு நல்லதென்றால் கடன் விரைவாகக் கிடைக்கும். பதிவு ஏன் கெட்டது என்று விளக்கம் கேட்க ஒரு முகம் இருக்குமா என்பதே சிறு உரிமையாளர்களின் கவலை.

வில்லை நின்றால் வண்டி நிற்கும்

பணப்பாதை தனியார் கணக்குகளின் வழியே செல்லும்போது, அந்தப் பாதை திடீரென அடைபட்டால் என்ன நேரும் என்பதற்கு 2024-ஆம் ஆண்டு ஒரு பாடம். விதிமீறல்களைக் காரணம் காட்டி, பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி புதிதாக வைப்புத் தொகை பெறக் கூடாது என ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. பின்னர் நீட்டிக்கப்பட்ட கெடுவின்படி, மார்ச் 15-க்குப் பிறகு அவ்வங்கியின் ஃபாஸ்டாக் வில்லைகளில் பணம் நிரப்ப முடியாமற்போனது. வங்கி செய்த தவறுக்கு வில்லையை மாற்றிக்கொண்டு அலைந்தவர்கள் வாகன உரிமையாளர்கள். ஏறத்தாழ அதே சமயத்தில், ஒரு வண்டிக்கு ஒரே வில்லை என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது.

2025 பிப்ரவரி 17 முதல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் மற்றொரு விதியைக் கொண்டுவந்தது. வில்லை, படிக்கப்படுவதற்கு 60 நிமிடங்களுக்கு முன்பிருந்து, படிக்கப்பட்ட பின் 10 நிமிடங்கள் வரை முடக்கப்பட்ட பட்டியலிலேயே இருந்தால், அந்தப் பரிமாற்றம் நிராகரிக்கப்படும் என்பது அது. பரபரப்பு எழுந்ததும், தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளைக் கடப்போர் எந்நேரமும் பணம் நிரப்பலாம், அவர்களுக்குப் பாதிப்பில்லை என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் விளக்கம் அளிக்க நேர்ந்தது. வங்கிகளுக்கு இடையேயான ஒரு தொழில்நுட்ப விதி, நள்ளிரவில் சாவடியில் நிற்கும் ஓட்டுநரின் கைப்பணத்தைத் தொடுகிறது என்பது அந்த விளக்கத்திலேயே புலனாகிறது.

தலைநகருக்குள் நுழையும் லாரிக்கு இதோடு முடிவதில்லை. காற்று மாசைக் குறைக்கும் பொருட்டு உச்ச நீதிமன்றம் 2015-ஆம் ஆண்டு விதித்த சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் முதலில் 700, 1,300 ரூபாயாக இருந்து, அவ்வாண்டு டிசம்பரிலேயே இருமடங்காக்கப்பட்டது. அதை வசூலிக்க 2019 ஆகஸ்டில் 13 நுழைவாயில்களில் வேறொரு ரேடியோ வில்லை முறை கொண்டுவரப்பட்டது. ஒரே கண்ணாடியில் ஒன்றுக்கு இரண்டு வில்லைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முன்பணம்.

இதற்கிடையே சொந்தக் கார் வைத்திருப்போருக்கு 2025 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு ஒரு சலுகை அளித்தது. அறிமுகமானபோது 3,000 ரூபாய் ஆண்டுச் சீட்டு வாங்கினால் தேசிய நெடுஞ்சாலைகளில் 200 முறை சாவடிகளைக் கடக்கலாம் என்பது ஏற்பாடு. வணிக வாகனங்களுக்கு அச்சலுகை இல்லை. 2023-24-இல் தேசிய நெடுஞ்சாலைகளில் வசூலான சுங்கம் சுமார் 56,000 கோடி ரூபாய். வண்டியின் எடையும் அச்சும் கூடக்கூடக் கட்டணமும் கூடும் முறையில், ஒவ்வொரு கடப்புக்கும் மிகுதியாகச் செலுத்துவது சரக்கு லாரியே. சுங்க முறையை மாற்ற வேண்டும், டீசல் விலையைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கைகளோடு அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரஸ் 2018 ஜூலையில் எட்டு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. கட்டணம் செலுத்தும் முறை அதன் பிறகு மாறியது. கட்டணம் குறையவில்லை.

ஓட்டுநர் எங்கே?

உரிமையாளரின் கைப்பேசியில் ஓட்டுநர் ஒரு நகரும் புள்ளி. வண்டி நின்றால் அழைப்பு வரும். பாதை மாறினால் எச்சரிக்கை வரும். ஃபாஸ்டாக் பதிவுகள் 2021-ஆம் ஆண்டிலேயே மின்வழிச் சீட்டோடு இணைக்கப்பட்டுவிட்டன. ஆகவே வரித்துறையும் வண்டியைப் பின்தொடர முடியும். இத்தனை கண்கள் பார்த்தும் ஓட்டுநர் எத்தனை மணி நேரம் உறங்காமல் ஓட்டினார் என்பதை மட்டும் எவரும் கணக்கெடுப்பதில்லை. அந்தத் தகவலும் அதே கருவியில்தான் இருக்கிறது.

பத்து நகரங்களில் ஓட்டுநர்களிடம் விசாரித்து சேவ்லைஃப் அறக்கட்டளை 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, லாரி ஓட்டுநர் சராசரியாக நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறார் என்றது. களைப்போ உறக்கமோ மேலிட்டபோதும் ஓட்டியதாக ஏறத்தாழப் பாதிப்பேர் ஒப்புக்கொண்டனர். சாலைகளில் ஆண்டுதோறும் கைமாறும் லஞ்சம் சுமார் 48,000 கோடி ரூபாய் என்றும் அது மதிப்பிட்டது. சுங்கம் ரொக்கமின்றிப் போகலாம். மாமூல் அப்படிப் போவதில்லை.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனத்துக்கே அச்சட்டம் பொருந்தியது. ஒன்றிரண்டு லாரிகள் வைத்திருப்பவரிடம் வேலை செய்யும் ஓட்டுநர் அப்போதே வெளியே நின்றார். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு அச்சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. அதில் அந்த எண்ணிக்கை பத்தாக உயர்ந்துள்ளது. வாசற்படி உயர்ந்திருக்கிறது, உள்ளே வரக்கூடியவர் குறைந்திருக்கின்றனர்.

அதே நாளில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, இணையத் தளங்கள் வழியே வேலை செய்வோருக்கு ஒரு நிதியம் அமைக்க வழிசெய்கிறது. தள நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை அதற்குத் தர வேண்டும். அதன் ஏழாம் அட்டவணையில் சரக்குப் போக்குவரத்துச் சேவைகளும் இடம்பெற்றுள்ளன. உணவு கொண்டுசெல்லும் இளைஞர் அந்த வரையறைக்குள் எளிதில் வந்துவிடுவார். லாரி ஓட்டுநரோ, சட்டத்தின் பார்வையில், தளத்தில் பதிவு செய்துள்ள சிறு உரிமையாளரின் கூலியாள். தள நிறுவனத்துக்கு அவர் யாரும் இல்லை. பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனமும் அவருக்கு இல்லை. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அவர் வண்டி ஓட்டுகிறார்.

பொறுப்பு யாருடையது?

தரகர் வேலையை இணையம் செய்யும்போது, தரகருக்கு உரிய பொறுப்பும் இணைய நிறுவனத்துக்கு உண்டா என்பது அடுத்த கேள்வி. 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இணையவழி ஒருங்கிணைப்பாளர்களுக்கு உரிமம் கட்டாயம் என்கிறது. ஆனால் அச்சட்டம் தரும் வரையறை, பயணியையும் ஓட்டுநரையும் இணைப்பவரைப் பற்றியது. சரக்கையும் லாரியையும் இணைக்கும் தளத்தை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. சரக்கு சேகரித்து அனுப்பும் முகவருக்கு உரிமம் வேண்டும் என்ற பழைய விதி நெடுங்காலமாக இருக்கிறது. நாட்டின் லாரிப்பேட்டைகளில் தரகுத் தொழில் நடக்கும் விதத்தை அறிந்தவர்கள், அந்த விதியின் வலிமையையும் அறிவார்கள். 1865-ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம், சரக்கு அனுப்புபவருக்கும் கம்பெனிக்கும் இடையிலான பொறுப்பைப் பேசுகிறது. கம்பெனிக்கும் ஒற்றை லாரிக்காரருக்கும் இடையிலான வாடகைப் பாக்கியை அது தீர்த்துவைப்பதில்லை.

2022 செப்டம்பர் 17 அன்று பிரதமர் வெளியிட்ட தேசியச் சரக்குப் போக்குவரத்துக் கொள்கை, செலவைக் குறைப்பதையே இலக்காக வைத்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13, 14 விழுக்காடு சரக்குப் போக்குவரத்துக்கே போகிறது என்று அப்போது கூறப்பட்டது. பின்னர் அரசுக்காகத் தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழு செய்த மதிப்பீட்டில், 2023-24-இல் அது 7.97 விழுக்காடுதான் எனத் தெரியவந்தது. செலவு நினைத்ததைவிடக் குறைவு என்பது மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் அந்தக் குறைந்த செலவில், உறக்கமின்றி ஓட்டும் ஓட்டுநரின் பங்கும், பாக்கிக்குக் காத்திருக்கும் உரிமையாளரின் பங்கும் எவ்வளவு என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

அரசு நினைத்தால் செய்ய இயலாத காரியங்கள் இல்லை. சுங்கத்தை நொடியில் பிடிக்கும் தொழில்நுட்பம், சரக்கு இறங்கியதையும் நொடியில் பதிவு செய்ய வல்லது. மின்வழிச் சீட்டில் சரக்கின் மதிப்பும் வண்டி எண்ணும் ஏற்கெனவே உள்ளன. வாடகையும் அதில் எழுதப்பட்டு, சரக்கு இறங்கிய நாளிலிருந்து கெடு எண்ணப்பட்டால், 45 நாள் சட்டத்துக்கு உயிர் வரும். கருவியில் பதியும் ஓட்டு நேரத்தை ஓட்டுநரின் ஓய்வுக்கான சான்றாக ஏற்கலாம். தளங்கள் தரும் சமூகப் பாதுகாப்பு நிதியில் லாரி ஓட்டுநரையும் வெளிப்படையாகச் சேர்க்கலாம். வில்லை இல்லாத வண்டிக்கு இருமடங்கு தண்டம் விதிக்கத் தயங்காத அரசு, வாடகையை இழுத்தடிக்கும் கம்பெனிக்கு மட்டும் அறிவுரையோடு நின்றுவிடுவது ஏன் என்பதே இத்தொழிலில் உள்ளோர் எழுப்பத்தக்க கேள்வி.

ஓட்டுநர்கள் ஒன்றுபட்டால் அரசு செவிசாய்க்கும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. விபத்தை ஏற்படுத்திவிட்டு அறிவிக்காமல் செல்வோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து 2024-ஆம் ஆண்டின் முதல் நாட்களில் லாரிகள் நின்றன. பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. ஜனவரி 2 அன்றே உள்துறைச் செயலர் மோட்டார் போக்குவரத்துக் காங்கிரசுடன் பேசினார். ஜூலை 1-இல் மற்றப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தில் தெருவில் நின்றவர்களை எந்தக் கைப்பேசித் திரையும் ஒருங்கிணைக்கவில்லை.

2025 செப்டம்பரில், பெங்களூரின் பெள்ளந்தூர் வெளிவட்டச் சாலையில் ஒன்பது ஆண்டுகளாக இருந்த அலுவலகத்தை அங்கிருந்து மாற்றப்போவதாக பிளாக்பக்கின் தலைமை நிர்வாகி ராஜேஷ் யாபாஜி அறிவித்தார். ஊழியர்கள் வந்துசேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகிறது, சாலையெங்கும் குழியும் தூசியும் என்பது அவர் கூறிய காரணம். கர்நாடக அமைச்சர்கள் மறுமொழி கூறினர். ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ் விசாகப்பட்டினத்துக்கு வரும்படி அழைத்தார். குழி விழுந்த சாலையைக் குறித்த ஒரு நிறுவனத் தலைவரின் குறைக்கு இரண்டு மாநில அரசுகள் ஓரிரு நாட்களில் பதில் சொல்லின.

அதே குழிகளின் மீது நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுபவர்கள், இரவு பதினொரு மணிக்கு மேல் தலைநகரின் வாயில் திறப்பதற்காக டிரான்ஸ்போர்ட் நகரில் இன்றும் காத்திருக்கின்றனர். வாயிலைத் தாண்டும் கணத்தில் அவர்களது கணக்கிலிருந்து பணம் கழியும். சென்ற முறை இறக்கிய சரக்கின் மீதி வாடகை வந்துவிட்டதா என்று ஒருமுறை கைப்பேசியைப் பார்த்துவிட்டு, அவர்கள் வண்டியைக் கிளப்புவார்கள்.